அம்மா அப்பாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு டலானிகாவில் இரண்டு நாள்

உங்கள் கேள்வி இதுதான்: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங்கில் குடியிருக்கிறீர்கள். மதுரையிலிருந்து அம்மாவும் அப்பாவும் மே கடைசியில் வந்திருக்கிறார்கள், ஆகஸ்ட் நடுவில் ஊர் திரும்புகிறார்கள். பிள்ளைகளுக்கு வயது 6, 10. அட்லாண்டாவில் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாயிற்று. கிட்டத்தில் ஒரு சின்ன ஊருக்குப் போய், இந்தப் பக்கத்துச் சாப்பாட்டையும் ருசி பார்த்து, ஒரு ராத்திரி தங்கிவிட்டு வர வேண்டும். பெரியவர்கள் இருவரும் சைவம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்குச் சர்க்கரை.

டலானிகாவுக்குப் போங்கள். 400-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போனால் உங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். பன்னிரண்டு வருடமாக, ஊரிலிருந்து வரும் என் அம்மா அப்பா, மாமனார் மாமியார், அண்ணன் குடும்பம் என்று எல்லோரையும் அங்கேதான் கூட்டிப் போகிறேன். ஹெலன் ஊரும் பக்கம்தான், ஆனால் கோடைச் சனிக்கிழமைகளில் அங்கே கூட்டம் நெருக்கித் தள்ளும். வயதானவர்களோடு போக டலானிகாதான் தோது. ஊருக்கு நடுவில் ஒரு சதுக்கம், சதுக்கத்துக்கு நடுவில் 1836-இல் கட்டிய பழைய கோர்ட் கட்டடம், அதைச் சுற்றிக் கடைகளும் சாப்பாட்டு இடங்களும். மதுரைக்காரர்களுக்கு இந்த அமைப்பு சட்டென்று பிடிபடும். நடுவில் கோயில், சுற்றி வீதிகள் என்பது மாதிரிதான், கோயில் இருக்கும் இடத்தில் கோர்ட். அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டால் போதும், மற்றவர்கள் அவர் கண்ணில் படும் தூரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கலாம்.

முதலில் நேரக்கணக்கு, ஏனென்றால் இங்கே கோடையில் பாதிப் பேர் கோட்டைவிடுவது அதில்தான். ஜூன், ஜூலையில் வட ஜார்ஜியா மலைப்பக்கம் காலையில் நன்றாக இருக்கும், மதியம் புழுங்கும், மூன்று நான்கு மணிக்கு மேல் திடீரென்று இடியும் மழையும் வரும். தினமும் வராது, ஆனால் வரும் என்று நினைத்தே திட்டம் போடுங்கள். அருவி, ஆறு எல்லாம் காலையில். சாப்பாடு பதினொன்றரைக்கு. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் மதியத்தில் சுரங்கம். சாயங்காலம் சதுக்கம். இந்த வரிசையை மாற்றினால் குழந்தைகள் அழுவார்கள், பெரியவர்கள் களைத்துப்போவார்கள்.

சுரங்கம் என்றேன் அல்லவா, டலானிகா பிறந்ததே தங்கத்தால்தான். 1828, 29 வாக்கில் இந்தப் பக்கத்து ஓடைகளில் தங்கம் கிடைக்க, கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து குவிந்தார்கள். கலிஃபோர்னியாத் தங்கத்துக்கு இருபது வருடம் முந்திய கதை இது. ஊர்ப் பெயரே, இந்த மண்ணின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களின் மொழியில் மஞ்சளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நமக்கும் பொன் என்றால் மஞ்சள் நிறம்தானே. 1838-இலிருந்து 1861 வரை அமெரிக்க அரசின் நாணயச் சாலை ஒன்று இங்கே தங்கக் காசு அடித்தது. அந்தக் கட்டடம் பின்னால் எரிந்துபோய், அதன் அஸ்திவாரத்தின் மேல்தான் இப்போதைய வடக்கு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் பிரைஸ் மண்டபம் நிற்கிறது. அதன் கோபுர உச்சிக்கு இந்த ஊர்த் தங்கத்தில் தகடு வேய்ந்திருக்கிறார்கள். அட்லாண்டாவில் சட்டமன்றக் கட்டடத்தின் தங்கக் கும்மட்டத்தைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். 1958-இல் டலானிகாக்காரர்கள் 43 அவுன்ஸ் தங்கம் திரட்டி, கோவேறு கழுதை பூட்டிய வண்டிகளில் அட்லாண்டா வரை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதுதான் அந்தக் கும்மட்டத்தில் ஏறியது. காரில் போகும்போதே இதைச் சொல்லிவிட்டால் பெரிய பிள்ளைக்கு ஊரின் மேல் ஓர் ஆவல் வந்துவிடும்.

பார்க்க இரண்டு இடம் உண்டு. கன்சாலிடேட்டட் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் இறக்கிக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள், சுமார் முக்கால் மணி நேரம். உள்ளே எந்த மாதமானாலும் 60 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில்தான் இருக்கும், நம் கணக்கில் 15, 16 டிகிரி. வெளியே வேர்த்து வழியும்போது ஸ்வெட்டர் எடுத்துப்போகத் தோன்றாது. முதல் தடவை என் அம்மா மெல்லிய பருத்திச் சேலையில் இறங்கி, பாதியில் பல் கிட்டி நடுங்கிவிட்டார். என் சட்டையைக் கழற்றிப் போர்த்தினேன். ஒரு சால்வை கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். தரை ஈரம், மேலிருந்து சொட்டும், ஏற்ற இறக்கம் உண்டு. உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு அது சரிவராது என்றால் அவரை மேலேயே விட்டுவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் கிரிஸ்ஸன் சுரங்கத்துக்குப் போகலாம். அங்கே எல்லாம் தரை மட்டத்தில், கூரைக்கடியில். பாறையை இடித்து நொறுக்கும் பழைய இயந்திரம் ஒன்று இருக்கிறது. நூறு வருடத்துக்கும் மேல் பழையது. ஓட்டிக் காட்டும்போது தரை அதிரும். சின்னப் பிள்ளைக்குக் காதைப் பொத்திவிடுங்கள்.

எந்த இடத்துக்குப் போனாலும், மண் அரித்துத் தங்கம் தேடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு தட்டு நிறைய மண்ணும் மணலும் கொடுப்பார்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் தட்டை முழுதாக அமிழ்த்தி முதலில் நன்றாகக் குலுக்க வேண்டும். தங்கம் மணலைவிட ஏழு மடங்கு கனம் என்பதால் குலுக்கக் குலுக்க அடிக்கு இறங்கும். அப்புறம் தட்டைச் சற்றுச் சாய்த்து, மேல்மணலைத் தண்ணீர் அலசிக்கொண்டு போகும்படி முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் போய்விடும். கடைசியில் கருமணல் ஒரு கீற்றுப்போல் மிஞ்சும், அதன் ஓரத்தில் கடுகில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு புள்ளி மின்னும். அதுதான். விரல் நுனியை ஈரமாக்கி ஒற்றி எடுத்து, அவர்கள் தரும் சின்னக் குப்பியில் விட வேண்டும். என் அம்மா இதை ஒரே நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். அரிசியில் கல் அரிக்கிற கை. அங்கே சொல்லிக்கொடுக்கும் பெண்மணி அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். பேத்திக்குப் பாட்டிதான் கற்றுக்கொடுத்தார். அன்றைக்குக் கிடைத்த மூன்று புள்ளிகள் இன்னும் குப்பியில் எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் இருக்கின்றன.

சதுக்கத்தில் இருக்கும் பழைய கோர்ட் கட்டடம் இப்போது தங்க அருங்காட்சியகம். சின்ன இடம், ஒரு மணி நேரம் போதும். ஆனால் அங்கே போகும்போது பத்து வயதுப் பிள்ளையிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தங்கம் கிடைத்த மண் செரோக்கி மக்களுடையது. 1832-இல் ஜார்ஜியா மாநிலம் அவர்கள் நிலத்தில் தங்கம் இருந்த பகுதியை 40 ஏக்கர் துண்டுகளாகப் பிரித்து வெள்ளையர்களுக்குக் குலுக்கல் சீட்டில் கொடுத்தது. 1838-இல் அவர்களில் பெரும்பாலோரை மேற்கே துரத்தினார்கள். வழியில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பத்து வருடம் முன்பு, 1828-இல், இதே வட ஜார்ஜியாவில் நியூ எகோட்டாவிலிருந்து செரோக்கி மக்கள் தங்கள் எழுத்தில் சொந்தப் பத்திரிகையே நடத்திக்கொண்டிருந்தார்கள். செக்வோயா என்பவர் உருவாக்கிய எழுத்து அது. நம் உயிர்மெய் மாதிரி ஒவ்வோர் எழுத்தும் ஓர் அசை. வீட்டில் க, கா, கி எழுதிப் பழகும் குழந்தைக்கு அது சட்டென்று புரியும். தங்கம் கிடைத்த சந்தோஷத்தோடு இதையும் தெரிந்துகொண்டு வளரட்டும்.

சரி, சாப்பாடு. சதுக்கத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஸ்மித் ஹவுஸ் இருக்கிறது. 1899-இல் கட்டிய வீடு, 1922-இலிருந்து ஸ்மித் ஹவுஸ் என்ற பெயரில் சாப்பாடு போடுகிறார்கள். கட்டும்போதே நிலத்துக்கடியில் தங்கப் பாறை தட்டுப்பட்டதாம், ஊர் நடுவில் தோண்ட அனுமதி கிடைக்காததால் அதன் மேலேயே வீட்டைக் கட்டிவிட்டார்கள். 2006-இல் தரையைச் செப்பனிடும்போது அந்தச் சுரங்கக் குழி மறுபடி வெளிப்பட்டது. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அங்கே பரிமாறும் முறை இந்தப் பக்கத்துப் பழைய முறை. தனித்தனித் தட்டில் வராது. கிண்ணம் கிண்ணமாக மேசைக்கு வரும், நாமே எடுத்துப் போட்டுக்கொண்டு அடுத்தவர் கைக்கு நகர்த்த வேண்டும், தீர்ந்தால் மறுபடி கொண்டுவருவார்கள். பந்தியில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. பொரித்த கோழி, பன்றித் தொடை, சோள மாவு தோய்த்துப் பொரித்த வெண்டைக்காய், கீரை, பீன்ஸ், பால் விட்ட சோளம், ரொட்டி, கடைசியில் இனிப்பு என்று போகும்.

சைவக்காரர்களுக்குச் சிக்கல் இங்கேதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்கத் தென்மாநிலச் சமையலில் காய்கறிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் காய்கறியில் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பதும் அதே அளவுக்குப் பழைய வழக்கம். காலர்டு கீரை, பச்சை பீன்ஸ், தட்டைப்பயறு மூன்றிலும் சந்தேகப்படுங்கள். சோள ரொட்டியைப் பன்றிக் கொழுப்பு தடவிய இரும்புச் சட்டியில் சுடுபவர்கள் உண்டு. பிஸ்கட் என்று இங்கே சொல்லும் ரொட்டியிலும் அது சேரலாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் வெள்ளை வெள்ளையாக உருகிக் கிடக்கும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின். வெண்டைக்காய் பொரித்த எண்ணெயிலேயே கோழியும் பொரித்திருக்கலாம். பல வருடம் முன்பு வேறோர் ஊரில் ஓர் உணவகத்தில், காய்தானே என்று நம்பி அம்மாவுக்கு பீன்ஸ் எடுத்துப் போட்டேன். இரண்டு கரண்டி சாப்பிட்ட பிறகு அடியில் துண்டு தென்பட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தட்டை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு, அன்று முழுக்கத் தண்ணீர் மட்டும் குடித்தார். கேட்டிருக்க வேண்டியவன் நான். அன்றிலிருந்து வாயிலில் நிற்கும்போதே கேட்டுவிடுகிறேன்.

“இது சைவமா” என்று பொதுவாகக் கேட்டால் சரிவராது. இறைச்சித் துண்டாகக் கிடந்தால்தான் அசைவம் என்று நினைத்துக்கொண்டு “ஆமாம்” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், நல்ல மனதோடுதான் சொல்வார்கள். “இதில் பேக்கன், ஹாம், பன்றிக் கொழுப்பு, கோழிச் சாறு ஏதாவது சேர்த்திருக்கிறீர்களா” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பொறுமையாகச் சமையலறைக்கே போய்க் கேட்டுவந்து சொல்வார்கள். இப்படிக் கேட்டதற்கு இந்தப் பக்கத்தில் ஒருவரும் என்னிடம் முகம் சுளித்ததில்லை. கேட்ட பிறகு பெரும்பாலும் தேறுவது: மெக்கரோனி சீஸ் (இங்கே பல ஓட்டல்களில் இதைக் காய்கறிப் பட்டியலில்தான் போட்டிருப்பார்கள்), பால் விட்ட சோளம், உருளைக்கிழங்கு, தக்காளித் துண்டுகள். காலை உணவுக்கு கிரிட்ஸ். சோளக் குருணையைக் கஞ்சியாகக் காய்ச்சுவது, வெண்ணெயும் உப்பும் மிளகும் போட்டுக்கொண்டால் அம்மா அப்பாவுக்குப் பிடித்துவிடும். மோரும் உண்டு, பட்டர்மில்க் என்று கேட்க வேண்டும். நம் மோரைவிடக் கெட்டி, புளிப்பு. சோள ரொட்டியை அதில் பிட்டுப் போட்டுச் சாப்பிடும் பெரியவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை என்றீர்கள். ஸ்வீட் டீ விஷயத்தில் கவனம். இந்தப் பக்கம் டீ என்று சொன்னாலே ஐஸ் போட்டு, பாகு மாதிரி இனிக்கும் டீயைத்தான் கொண்டுவந்து வைப்பார்கள், குடிக்கக் குடிக்க நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். “அன்ஸ்வீட்” என்று சொல்லி வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பன்னிரண்டுக்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள், தேவாலயம் முடிந்து எல்லோரும் அப்படியே சாப்பிட வருவார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு நான் கடையை நம்புவதில்லை. சமையலறை உள்ள கேபின் எடுத்துவிடுங்கள். குளிர்பெட்டியில் தயிரும், ஒரு டப்பாவில் எலுமிச்சை ஊறுகாயும், சின்ன குக்கரும் போதும். மதியம் அவ்வளவு கனமாகச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி மோர்சாதம் சாப்பிட்டால்தான் பெரியவர்களுக்கு மறுநாள் காலை நடக்கத் தெம்பு இருக்கும்.

மறுநாள் காலை அமிகலோலா அருவி. டலானிகாவிலிருந்து மேற்கே அரை மணி நேரம். வண்டிக்கு நுழைவுச் சீட்டு உண்டு, எட்டரை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். 729 அடி உயரம், பல தட்டுகளாக விழுந்து இறங்கும். குற்றாலம் போலத் தலையைக் கொடுத்து நிற்கிற அருவி இல்லை, அதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏமாந்துபோவார். கீழிருந்து மேலே போக 604 படி. பத்து வயதுக்காரன் ஓடியே ஏறிவிடுவான், உங்களுக்கு மூச்சு வாங்கும். அம்மாவுக்கு அந்தப் படிகள் வேண்டவே வேண்டாம். மேற்குச் சரிவில் தனியாக ஒரு கார் நிறுத்தம் இருக்கிறது. அங்கிருந்து ரப்பர் பதித்த சமதளப் பாதை, அரைக் கிலோமீட்டர்தான், சக்கர நாற்காலியே போகும், நேராக அருவிக்குக் குறுக்கே இருக்கும் பாலத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். பாலத்தின் நடுவில் நின்றால் சாரல் முகத்தில் அடிக்கும். என் மாமியார் அங்கே அரை மணி நேரம் கண்ணை மூடி நின்றார். இந்தப் பாதை தெரியாமல் கீழேயே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்ட பெற்றோர் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

ஆற்றில் டியூபில் மிதந்து போவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். செஸ்டட்டீ ஆற்றில் அதற்கு ஏற்பாடு உண்டு. ஆறு வயதை ஏற்றுவார்களா என்று முன்கூட்டி ஃபோன் போட்டுக் கேளுங்கள். உயிர்காப்புச் சட்டையை நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் மாட்டிவிடுங்கள், கழன்று போகாத செருப்பு போடுங்கள், கால்சட்டைப் பையில் கார் சாவி வைக்காதீர்கள். முந்தின நாள் பெருமழை பெய்து தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடினால் போக வேண்டாம். இடிச் சத்தம் கேட்டால் உடனே கரையேறிவிட வேண்டும். பெரியவர்களை இதற்கு இழுக்க வேண்டாம்.

சனிக்கிழமை போகிறீர்கள் என்றால், மதியம் சதுக்கத்தில் தங்க அருங்காட்சியகத்துப் புல்வெளியில் உள்ளூர்க்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். பேன்ஜோ, ஃபிடில், கிட்டார், மேண்டலின். மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது, வாத்தியம் தெரிந்த எவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சேர்ந்துகொள்ளலாம். வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை நடக்கும். மழை பெய்தால் நின்றுவிடும், வானத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிடில் என்பது நம் வயலின்தான். சங்கீதம் கேட்கிற வீடு என்றால் அப்பாவுக்கு இது பெரிய விருந்து. தரையில் அமர்ந்து காலில் ஊன்றி வாசிக்கும் வாத்தியத்தை இவர்கள் தோளில் தாங்கி, சிலர் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு, குதிரை ஓடுகிற வேகத்தில் இழுப்பார்கள். இரண்டு மடக்கு நாற்காலி காரில் இருக்கட்டும். அன்றைக்குப் பதினோரு மணிக்கு மேல் சதுக்கத்தை ஒட்டி கார் நிறுத்த இடம் கிடைக்காது. பெரியவர்களை முதலில் இறக்கிவிட்டு, நீங்கள் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

திரும்பி வரும் வழியில் இரண்டு பொருளுக்காக வண்டியை நிறுத்துங்கள். ஒன்று பீச் பழம். ஜூன் பாதிக்கு மேல் வருவதில் கொட்டை தனியாகக் கழன்று வரும், அதற்கு முன் வருவதில் சதையோடு ஒட்டிக்கொள்ளும். காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள், வாசம் வராத பழத்தை வாங்காதீர்கள்.

இன்னொன்று அவித்த கடலை. சாலையோரம் அட்டையில் கையால் எழுதி வைத்திருப்பார்கள், பக்கத்தில் பெரிய அண்டாவில் உப்புத் தண்ணீரில் தோலோடு மணிக்கணக்காக வெந்துகொண்டிருக்கும். அமெரிக்காவில் விளையும் கடலையில் ஏறக்குறைய பாதி ஜார்ஜியாவில் விளைகிறது, குடியரசுத் தலைவராக இருந்த ஜிம்மி கார்ட்டர் இங்கே கடலை விவசாயியாக இருந்தவர். என் அப்பா திண்டிவனம் பக்கம், வாழ்நாளெல்லாம் மல்லாட்டை போட்டவர். அமெரிக்கா வந்து ஒரு மாதம் எதிலும் ஒட்டாமல் ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தார். இந்த அண்டாவைப் பார்த்ததும் நான் வண்டியை முழுசாக நிறுத்துவதற்குள் இறங்கிவிட்டார். சூட்டோடு ஒன்றை எடுத்துப் பல்லால் கடித்துத் திறந்து, உப்புத் தண்ணீர் முழங்கை வரை வழிய, பருப்பை விரலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கொடி ரகமா, கொத்து ரகமா, கேளு” என்றார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். கடைக்காரப் பெரியவர் பதில் சொல்லாமல், வண்டிக்குப் பின்னால் போய், வேரோடு பிடுங்கிய ஒரு செடியைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தார். இரண்டு பேரும் அந்தச் செடியை வைத்துக்கொண்டு, ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல், கால் மணி நேரம் பேசினார்கள். மழை தூற ஆரம்பித்த பிறகுதான் அப்பா காருக்கு வந்தார்.

அன்றன்று பிடுங்கிய பச்சைக் கடலை ஆகஸ்ட் வாக்கில்தான் வர ஆரம்பிக்கும். அன்றன்று பிடுங்கிய பச்சைக் கடலை ஆகஸ்ட் வாக்கில்தான் வர ஆரம்பிக்கும். உங்கள் அப்பா விமானம் ஏறுவதற்கு முந்தின வாரத்தில் இன்னொரு தடவை அந்தச் சாலையில் கூட்டிப்போய்விட்டு வாருங்கள். காரமாக மசாலா போட்ட அண்டா ஒன்றும் பக்கத்தில் இருக்கும், பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கும் முன் நீங்கள் ஒன்று தின்று பாருங்கள்.